டிசம்பர் பட்டியல்காரர்களே

மார்கழிக் குளிர் வருவதற்கு முன்பே பட்டியல்கள் வந்துவிடுகின்றன. ஆண்டின் சிறந்த பத்து நாவல், பத்து படம், பத்து வெப் சீரிஸ். சில வருடங்களாக எலக்ட்ரானிக் இசை ஆல்பங்களும் இதில் சேர்ந்துவிட்டன. 2024 முடியும்போது நண்பர்களிடமிருந்து எனக்கு வந்தவை ஆறு. நாலு பேர் சென்னை, ஒருத்தர் பெங்களூர், ஒருத்தர் மதுரை எஸ்.எஸ். காலனி. ஆறிலும் ஃபோர் டெட்டின் ‘த்ரீ’ இருந்தது. ஆறிலும் ஜேமி எக்ஸ்எக்ஸின் ‘இன் வேவ்ஸ்’, ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸின் ‘கேஸ்கேட்’. ஐந்தில் கரிபூவின் ‘ஹனி’. வரிசை எண் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறியது. எஸ்.எஸ். காலனிக்காரர் தைரியமாக ஜஸ்டிஸின் ‘ஹைப்பர்டிராமா’வை முதலிடத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான் புரட்சி.

இவை மோசமான ஆல்பங்கள் என்று நான் சொல்லவரவில்லை. ‘த்ரீ’யை ஓஎம்ஆர் டிராபிக்கில் ஒரு மாதம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். என் சண்டை ஆல்பங்களோடு இல்லை, பட்டியலோடு. ஒவ்வொரு ஆல்பத்துக்குக் கீழேயும் நாலு வரி எழுதியிருந்தார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடுக்கடுக்கான ஒலிநிலப்பரப்பு.” “தியானத்தன்மை மிக்க அதிர்வுகள்.” “நகரத் தனிமையின் துடிப்பு.” எந்த நகரம்? எந்தத் தனிமை? லண்டன் கிளப்பிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கு நனைந்துகொண்டு வீடு திரும்புகிறவனின் தனிமையை மாட்டுத்தாவணியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவன் ஏன் கடன் வாங்க வேண்டும்? வெளிநாட்டு விமர்சனத் தளத்தில் படித்ததைத் தமிழில் போட்டு, பத்தால் பெருக்கி, ஆண்டின் பெயரை ஒட்டினால் அது ரசனை ஆகிவிடுமா?

பட்டியல் போடுவது நமக்குப் புதிதும் இல்லை. என் சித்தப்பா வாடிப்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த ரெக்கார்டிங் கடையில் கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். அறுபது நிமிட கேசட், ஏ சைடுக்கு ஆறு பாட்டு, பி சைடுக்கு ஆறு. கடைக்காரர் லிஸ்டைப் பார்த்து, “இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா நல்லா இருக்காதுப்பா” என்று மாற்றச் சொல்வார். மூன்று நாள் கழித்துத்தான் கேசட் கிடைக்கும். அந்த லிஸ்டில் 1978 பாட்டும் இருக்கும், போன மாதம் வந்த பாட்டும் இருக்கும். யாரும் ‘இந்த ஆண்டின்’ என்று தலைப்புப் போடவில்லை. கேட்டவன் காதுதான் கணக்கு.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ‘ஆண்டின் சிறந்த’ என்கிற சட்டகமே நம் பக்கத்து எலக்ட்ரானிக் இசைக்குப் பொருந்தாது. ஏனென்றால் அந்த இசை பிறந்த வருடத்தில் நாம் அதைக் கேட்டதே இல்லை.

சரண்ஜித் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் சினிமா ஸ்டுடியோக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982இல் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். மூன்று ரோலண்ட் கருவிகள்: தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, மேலே ராகம் வாசிக்க ஜூப்பிட்டர்-8. பைரவி, தோடி, யமன், மால்கவுன்ஸ் என்று பத்து ராகம். யாரும் வாங்கவில்லை. சினிமாப் பாட்டும் இல்லாமல் கச்சேரியும் இல்லாமல் இது என்னது என்று கடைக்காரனுக்கே தெரிந்திருக்காது. ஐந்து வருடம் கழித்து, 1987இல், சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே டிபி-303ஐ முறுக்கி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டது. அது ஆசிட் ஹவுஸ் என்கிற ஒரு வகைமையின் தொடக்கம் என்று வரலாறு எழுதியாகிவிட்டது. சரண்ஜித் சிங்கின் தட்டை டச்சுக்காரர் ஒருவர் டெல்லியில் பழைய ரெக்கார்டுகளுக்கு நடுவே கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்புச் செய்தார். பிறகுதான் உலகம் வாய்பிளந்தது. 2015இல் அவர் இறந்துபோனார். இப்போது சொல்லுங்கள், இது எந்த ஆண்டின் ஆல்பம்? 1982இல் பட்டியல் போட்ட இந்தியன் எவனாவது இதைச் சேர்த்திருப்பானா?

டிபி-303 பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் ‘அதிர்வு’ என்று எழுதிவிட்டுப் போகிறவன் ஆகிவிடுவேன். துணைக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிதார்காரர்களுக்காக ரோலண்ட் அதை 1981இல் கொண்டுவந்தது. பேஸ் கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை என்பதால் 1984இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி உண்டு. பதினாறு கட்டங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஸ்வரம் போடலாம். ஸ்லைடு போட்ட இடத்தில் ஒரு ஸ்வரம் இன்னொன்றுக்குத் தாவாமல் இழுத்துக்கொண்டு போகும். பியானோ கட்டையில் இதைச் செய்ய முடியாது. நம் ஊரில் அந்த இழுவைக்கு ஒரு வாத்தியமே இருக்கிறது, உறுமி. நடுவில் ஒடுங்கிய இருமுக மேளம். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க, அது முனகிக்கொண்டே மேலே ஏறி இறங்கும். சாமி வருகிறவர்களுக்கு முதலில் உடம்பு நடுங்குவது அந்த முனகலில்தான்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊரில் ஆக்டோபேட் வாசிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஹெட்போனைக் கொடுத்து சரண்ஜித் சிங்கைக் கேட்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். “தாளத்தப் பொட்டியில ஓட விட்டுட்டு மேல கையில வாசிக்கிறாரு தம்பி. அது பெரிய விசயம் இல்ல. அடியில பேஸு இழுக்குது பாத்தியா, உறுமி மாதிரி. அதக் கட்டுனவன்தான் ஆளு.” உலகத்தில் சரண்ஜித் சிங்கைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் நான் வாசித்தவரை இதைவிடச் சரியான வரி கிடையாது. அவர் பிறகு வருவார்.

இன்னொன்று, அகமதாபாத். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் மாடுலர் சிந்தசைசரைக் கொண்டுவந்து வைத்து எலக்ட்ரானிக் இசைக் கூடம் தொடங்கினார்கள். அமெரிக்க இசைக்காரர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று ஐந்து இந்தியர்கள் அதில் வேலை செய்தார்கள். மூன்று நான்கு வருடத்தில் எல்லாம் நின்றுபோனது. டேப்புகள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. லண்டனிலிருந்து பால் புர்கஸ் என்கிற கலைஞர் வந்து அவற்றைக் கண்டுபிடித்து, ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்று தொகுத்து 2023இல் வெளியிடும்வரை நமக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 1969இல் மூக் என்பது உலகத்திலேயே சில இடங்களில் மட்டும் இருந்த பொருள். அதை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் பறவை ஒலியையும் தம்புரா மாதிரியான ரீங்காரத்தையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வருடம் அலமாரியில்! நான் 2023இல் பட்டியல் போட்டிருந்தால் முதல் இடம் இதற்குத்தான். ஆனால் 2023 என்று எழுதக் கை கூசியிருக்கும்.

சரி, வடக்கை விடுங்கள். பண்ணைப்புரத்துக்கு வருவோம். இன்று அது தேனி மாவட்டம், இளையராஜா பிறந்தபோது மதுரை மாவட்டம், ஆகவே எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1986இல் ‘புன்னகை மன்னன்’. இந்தியத் திரையிசையில் கணினி சீக்வென்ஸரை இந்த அளவுக்கு முதலில் பயன்படுத்திய படம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே வருடம் ‘விக்ரம்’. அந்தத் தலைப்புப் பாட்டில் இயந்திரக் குரல் வருகிறதே, அதைக் கேட்டு எங்கள் தெருவில் ஒரு தலைமுறைப் பயல்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். பாட்டைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்! அந்த சிந்த் ஒலியை யார் செய்தார், எந்த ஸ்வரத்தை யார் கட்டத்தில் போட்டார் என்று தமிழில் எத்தனை கட்டுரை இருக்கிறது? கீபோர்டில் உட்கார்ந்திருந்த விஜி மேனுவலின் பெயர் இன்று பட்டியல் போடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் அட்டையில் பாடகர் பெயர் இருக்கும், பாடலாசிரியர் பெயர் இருக்கும். வாசித்தவர்களின் பெயரை அட்டையில் போடுவது ரஹ்மான் காலத்தில்தான் கொஞ்சம் வழக்கமானது. அந்த ரஹ்மானே முன்பு திலீப்பாக ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்.

மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு வசதி. எந்த வரியை எவன், எந்தத் தேதியில் எழுதினான் என்று ஒரு கட்டளை போட்டால் தெரிந்துவிடும். பெரும்பாலும் திட்டுவதற்குத்தான் பயன்படும், இருந்தாலும் பெயர் இருக்கும். தமிழ் எலக்ட்ரானிக் இசையில் அந்தப் பெயர்ப் பத்தி காலியாகக் கிடக்கிறது.

இன்னொரு தரப்பும் இருக்கிறது, அவர்களுக்கும் நாலு வார்த்தை. “மெஷின் மியூசிக்ல ஜீவன் இல்லை” என்பவர்கள். சபா கேன்டீன் காபியோடு இதைச் சொல்வார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் மேடையில் பாடகருக்கு முன்னால் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். பெங்களூரில் ரேடல் நிறுவனத்தின் ராஜ் நாராயண், அவரே புல்லாங்குழல் வாசிக்கிறவர், பொறியாளரும்கூட, அதை உண்டாக்கினார். கச்சேரியின் அடித்தளமே ஒரு சர்க்யூட்டில் நிற்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இன்னும் ஒன்று. ஜீவனைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் பறையிலும் உறுமியிலும் ஜீவனைக் கண்டு என்றைக்காவது தலைவாசலுக்குள் விட்டார்களா? அவர்களுக்குப் பிரச்சினை கம்பியும் மின்சாரமும் இல்லை. யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

ஆனால் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் நான் அயோக்கியன். கோவில்களில் மோட்டாரில் ஓடும் மேளம் ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஒரு முரசு, இரண்டு மணி, ஒரு ஜால்ரா, எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில். சுவிட்சைப் போட்டால் தீபாராதனை முடியும்வரை ஒரே வேகத்தில் டங்குடங்கென்று அடிக்கும். பூசாரிக்கு அவசரம் என்றாலும் நிதானம் என்றாலும் அதற்கு ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் ஒரு கோவிலில் உபயதாரர் பெயர் பொறித்து அதை வைத்த நாளிலிருந்து, சாயங்காலப் பூஜைக்கு வந்து வாசித்துக்கொண்டிருந்த குடும்பத்தைத் திருவிழாவுக்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். வாடிப்பட்டி மேளம் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அந்த மண்ணிலேயே இந்தக் கதை. அந்த இரும்புச் சட்டத்தை நான் வெறுக்கிறேன். அது இயந்திரம் என்பதற்காக இல்லை. அதை வைத்தவர்கள் கேட்பதே இல்லை, அதற்காக. மேளக்காரருக்குக் கொடுத்த கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்தார்கள். காதுக்காக வைத்திருந்தால் ஒரு மாதத்தில் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

இப்போது ஆக்டோபேட் அண்ணனுக்கு வருகிறேன்.

ஆக்டோபேட் என்றால் எட்டுக் கட்டம். குச்சியால் அடித்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஒலி. மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ், தபேலா, கடம் எல்லாவற்றுக்கும் பதில் ஒரே ஆள். நம் பக்கத்தில் ‘பேட்’ என்று சொன்னால் போதும். கம்பெனியிலிருந்து வரும்போது அதில் வெளிநாட்டு ஒலிகள்தான் அதிகம். அண்ணனிடம் இருந்தது பழைய மாடல், வெளியே பதிவு செய்த ஒலியை அதில் ஏற்ற முடியாது. உள்ளே இருக்கிற ஏதோ ஒரு ஒலியை எடுத்து, சுருதியை இறக்கி, நீளத்தைக் குறைத்து, இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, தவில் மாதிரி, பம்பை மாதிரி, உறுமி மாதிரி செய்ய வேண்டும். அவர்கள் பாஷையில் ‘டோன் கட்டுறது’. பதினோரு வருடமாக அண்ணன் டோன் கட்டினார். அவருடைய உறுமி டோனை நான் முளைப்பாரி இரவு ஒன்றில் கேட்டேன். கும்மி சுற்றுகிற பெண்கள் களைத்துப்போய் வட்டம் தளர்ந்திருந்த நேரம், மணி ஒன்றரை இருக்கும். இடது கைக் கட்டத்தில் அதை ஒரே ஒரு அடி அடித்தார். குழாய் ஸ்பீக்கரில் அது கரகரத்துக்கொண்டு வயல்வெளியில் சிறுமலைப் பக்கமாகப் போனது. வட்டம் தானாக இறுகியது. பிறகு அரை மணி நேரம் அவர் பாட்டே வாசிக்கவில்லை. அந்த ஒலியையும் கும்மி கைதட்டலையும் வைத்து ஓட்டினார், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றி. ‘கேஸ்கேட்’டில் இதே மாதிரி ஏறும் இடங்கள் உண்டு. நான் இரண்டையும் கேட்டவன், கூச்சமில்லாமல் சொல்கிறேன், அண்ணனுடையது மேல்.

அதை யாரும் பதிவு செய்யவில்லை. நானும் செய்யவில்லை. கையில் போன் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவில் ஜெனரேட்டர் மாறும்போது கரண்ட் எகிறி பேட் படுத்துவிட்டது. சர்வீஸுக்குக் கொடுத்தார். நன்றாக ஓடுகிற நிலையில்தான் திரும்பி வந்தது. ஆனால் அழித்து, பழையபடி கம்பெனி டோன்களோடு. “போச்சு தம்பி. தொண்ணூறு சொச்சம் பேட்ச்” என்றார், ஏதோ பஸ் போய்விட்டது என்பது போல. வெளியே எடுத்து வைக்க வழி உண்டு என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மிடி கேபிள் ஒன்று, லேப்டாப் ஒன்று, பத்து நிமிட வேலை. நான் சம்பளம் வாங்குவதே பேக்கப் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான். யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பில்களை மூன்று கண்டத்தில் மூன்று பிரதி எடுத்து வைக்கிறேன். அண்ணனிடம் “எடுத்து வச்சிருக்கீங்களாண்ணே?” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் நானும் ஒரு பட்டியல் போட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பத்து ஆல்பம். பத்தும் நான் போகாத ஊர்கள்.

அகமதாபாத் டேப்புகளுக்கு அலமாரியாவது இருந்தது. சரண்ஜித் சிங்குக்கு ஒரு தட்டாவது அச்சானது. இங்கே அதுவும் கிடையாது. ஐம்பது வருடம் கழித்து லண்டனிலிருந்து ஒருவர் வந்து கண்டெடுக்க வாடிப்பட்டியில் எதுவும் மிஞ்சியிருக்காது.

“அது ஆல்பம் இல்லையே, திருவிழா இரைச்சல்தானே” என்று கேட்பீர்கள். ஈழத் தமிழரான எம்.ஐ.ஏ. தன் முதல் ஆல்பமான ‘அருளர்’ பாட்டுகளை ரோலண்ட் எம்சி-505 என்கிற ஒரே ஒரு பெட்டியில் கட்ட ஆரம்பித்தார், 2005இல் வெளியானது. இரண்டாவது ஆல்பம் ‘கலா’, 2007. அதற்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி வாசிப்பவர்களை வைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’வைக் கேளுங்கள், நம் திருவிழா இரைச்சல்தான். உலகம் முழுக்க அந்த வருடப் பட்டியல்களில் அந்த ஆல்பம் இருந்தது. அந்தப் பட்டியல்களைப் பார்த்து நம் ஆட்களும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது இனித்த உறுமி ஊரில் கேட்டால் ஏன் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறது? அந்தப் பாட்டில் உறுமி வாசித்தவர்களில் ஒருவர் பெயரையாவது நமக்குச் சொல்லத் தெரியுமா?

பட்டியலே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் காது எங்கே இருந்ததோ அங்கிருந்து போடுங்கள். கேட்ட இடத்தை எழுதுங்கள், எதில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். எந்த ஒலி எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், தெரியாவிட்டால் ‘ஒலிநிலப்பரப்பு’க்கு ஓடாதீர்கள். 2024இல் புதிதாக வந்ததில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது அருஷி ஜெயினின் ‘டிலைட்’. ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு மாடுலர் சிந்தில் பாகேஸ்ரீ ராகத்தை அவிழ்த்துப் பார்க்கிறார், சொந்தக் குரலோடு. இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் வரும் சின்னப் பொறாமையோடு சொல்கிறேன். அவருடைய 2021 ஆல்பமான ‘அண்டர் தி லைலாக் ஸ்கை’ சூரியன் மறைகிற நேரத்துக்கென்று செய்தது. நான் அதைப் பெரியார் கால்வாய்க் கரையில் அந்த நேரத்தில் கேட்டேன். கொக்கு திரும்புகிற நேரம், நெல் பால் பிடித்திருந்தது. ஆனால் பாதியில் பக்கத்து ஊர்க் குழாய் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டது. இரண்டும் கலந்து கேட்டதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

இந்தக் கார்த்திகையில் லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மறுபடி கட்டியது பதினாலு டோன். தவில் மூன்று, பம்பை இரண்டு, மற்றவை அவருக்குப் பெயர் இல்லாதவை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தேதியும் அவர் பெயரும் போட்டுச் சேமித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி, “இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன நாளு?” என்றார். நான் தலையைத் தூக்கவில்லை.

“உறுமிண்ணே?”

“அது இன்னும் சரியா வரல. பழசுல எத மேல வச்சேன், எத அடியில வச்சேன்னு ஞாபகம் இல்ல. பங்குனியில நம்மூர்ப் பொங்கலுக்கு உக்காருவேன்ல, கை போனா வரும். நீ வா.”

பங்குனிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.